கணக்குக் கேட்கும் உரிமை: பழங்குடியினர் மானியமும் கொல்லிமலைக் கிராம சபையும்

ஒரு சமூகம் நெடுங்காலம் பட்ட இழிவையும் இழப்பையும் போக்க அரசு பணம் ஒதுக்குகிறது. அந்தப் பணம் செலவானதற்கு யார், யார் முன்னிலையில் கணக்குச் சொல்ல வேண்டும்? இந்தியாவில் இதற்கான விடை மேல்நோக்கியே அமைந்திருக்கிறது. செலவு செய்த அலுவலர் மேலலுவலருக்குச் சொல்கிறார். மாநிலம் ஒன்றிய அரசுக்குச் சொல்கிறது. தணிக்கையர் சட்டமன்றத்துக்குச் சொல்கிறார். யார் பெயரால் பணம் வந்ததோ அந்த மக்கள் இந்த வரிசையில் எங்கும் இல்லை. பயனாளிச் சமூகத்தின் கிராம சபை சான்றளிக்காத செலவை முடிந்த செலவாக ஏற்கக் கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம். கொல்லிமலையை முன்வைத்து அதை விளக்குகிறேன்.

1. மலையும் மானியமும்

மலையடிவாரத்தில் உள்ள காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என ‘நாடு’ என்றே முடியும் பெயர்களோடு 14 ஊராட்சிகள் இங்கே உள்ளன. மக்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் இப்பெயருக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மூவரின் வழியினர் என்பது இம்மக்களின் மரபுக் கதை.

ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (1974–79) பழங்குடியினர் துணைத் திட்டம் தொடங்கியது. பழங்குடியினர் செறிந்து வாழும் மலைப்பகுதிகளில் ஒருங்கிணைந்த பழங்குடியினர் மேம்பாட்டுத் திட்டங்கள் அமைந்தன. தமிழ்நாட்டில் ஏற்காடு, பச்சமலை, கல்வராயன் மலை, சவ்வாது மலை, சித்தேரி மலை ஆகியவற்றோடு கொல்லிமலையும் இத்திட்டப் பகுதிகளில் ஒன்று. சாலை, குடிநீர், வீடு, உண்டு உறைவிடப் பள்ளி, விடுதி ஆகியவற்றுக்கான பணம் மாநில நிதியிலிருந்து வருகிறது. அரசமைப்பின் 275(1)ஆம் பிரிவின்படி ஒன்றிய அரசு தரும் உதவி மானியமும் அதோடு சேர்கிறது.

இந்தப் பணத்தைச் சலுகை என்று பேசுவோர் உண்டு. அரசமைப்பின் 46ஆம் பிரிவு அப்படிப் பேசவில்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோரின் கல்வி, பொருளாதார நலனை வளர்ப்பதையும், சமூக அநீதியிலிருந்தும் எல்லா வகைச் சுரண்டலிலிருந்தும் அவர்களைக் காப்பதையும் அது ஒரே வாக்கியத்தில் அரசின் கடமையாக்குகிறது. ஆகவே விடுதிக்கு ஒதுக்கும் பணமும் வன்கொடுமையைத் தடுக்கும் சட்டமும் ஒரே கடமையின் இரு கைகள். ஒரு கை சோர்ந்தால் மற்றதும் சோரும்.

2. ஒரு பக்கச் சான்றிதழ்

இப்போதுள்ள பொறுப்புக்கூறலின் தன்மையை அறிய ஒரு தாளைப் பார்த்தால் போதும். ஒன்றிய அரசின் மானியத்துக்கு மாநில அரசு அனுப்பும் பயன்பாட்டுச் சான்றிதழ் அது. ஒரு கட்டத்தில் ஒப்பளிப்புக் கடிதத்தின் எண்ணும் நாளும் தொகையும் இருக்கும். பக்கத்தில் இன்ன தொகையில் இவ்வளவு இன்ன நோக்கத்துக்காகச் செலவானது என்ற வாசகம் இருக்கும். அதற்குக் கீழே எவ்வகைச் சரிபார்ப்புகள் நடந்தன என்று எழுத 1, 2, 3 என எண்ணிட்ட வரிகள். கடைசியில் கையொப்பம், பதவி, நாள். குடிநீர்த் தொட்டி கட்டப்பட்ட ஊரைச் சேர்ந்த எவரும் அதில் கையெழுத்திட இடமில்லை. தொட்டியில் தண்ணீர் வருகிறதா என்று கேட்கும் வரியும் இல்லை.

2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளின்படி, நிதியாண்டு முடிந்த 12 மாதங்களுக்குள் சான்றிதழைத் தர வேண்டும். முந்தைய தவணைக்கான சான்றிதழ் வராவிட்டால் அடுத்த தவணை நிற்கும். இங்கே தண்டனை யார் தலையில் விழுகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தாளை அனுப்பாதவர் அலுவலர். பணம் நின்றதால் விடுதிக் கூரை ஒழுகுவதைச் சகிப்பவள் ஏழாம் வகுப்புப் படிக்கும் மலைவாழ் மாணவி.

சான்றிதழ் ஒழுங்காக இருந்தும் பணம் திசைமாறியதற்கு நம் காலத்திலேயே சான்றுகள் உண்டு. தில்லி காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளுக்காகப் பட்டியல் சாதியினருக்கான சிறப்புக் கூறு நிதியில் 600 கோடி ரூபாய்க்கு மேல் திருப்பிவிடப்பட்டது. அது தவறு என்பதை 2010இல் அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் மாநிலங்களவையில் ஒப்புக்கொண்டார். கர்நாடகம் 2013இல் துணைத் திட்ட நிதிக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. ஆனால், பொதுவான கட்டுமானச் செலவின் ஒரு பகுதியைப் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் செலவிட்டதாகவே ‘கருதலாம்’ என்ற 7(டி) பிரிவும் அந்தச் சட்டத்திலேயே இருந்தது. அப்பிரிவை நீக்கப் பத்து ஆண்டுகள் ஆயின. 2024இல் அதே மாநிலத்தின் மகரிஷி வால்மீகி பழங்குடியினர் மேம்பாட்டுக் கழகத்தின் கணக்கிலிருந்து பல கோடி ரூபாய் முறைகேடாக மாற்றப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்து, துறை அமைச்சர் பி. நாகேந்திரா பதவி விலகினார். கழக அலுவலர் ஒருவரின் தற்கொலைக்குப் பிறகே அது வெளியே தெரிந்தது. ஓர் உயிர் போன பின்புதான் உண்மை வெளிவரும் என்றால் அந்த முறையைத் தணிக்கை முறை என்று சொல்ல முடியாது.

தமிழ்நாடு 2024இல் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல் திட்டச் சட்டத்தை இயற்றியது. மக்கள்தொகை விகிதத்துக்குக் குறையாமல் நிதி ஒதுக்குவதை அது சட்டக் கடமையாக்கியது. 2011 கணக்கெடுப்பின்படி மாநிலப் பழங்குடியினர் 7,94,697 பேர், அதாவது 1.10 விழுக்காடு. ஒதுக்கீட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது பெரும் முன்னேற்றம். ஒதுக்கிய பணத்துக்குக் கொல்லிமலையின் சோளக்காட்டுச் சந்தைக்கு வரும் மலைவாசி கணக்குக் கேட்க வழி செய்வது அடுத்த படி.

3. வாச்சாத்தி சொன்ன தீர்ப்பு

46ஆம் பிரிவு சொல்லும் கடமையின் மறு கை பாகுபாட்டு ஒழிப்பு. கொல்லிமலை மக்களோடு ஒரே இனப்பெயர் கொண்ட மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஊர், தருமபுரி மாவட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, சந்தன மரக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அவ்வூரில் புகுந்தனர். ஊர் சூறையாடப்பட்டது, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். ஓர் ஊரையே கடத்தல்காரர்களாகக் கண்ட பார்வை அதன் அடியில் இருந்தது. இன வெறுப்பு எங்கும் இப்படித்தான் செயல்படுகிறது.

குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் 54 பேர் வழக்கு முடியுமுன் இறந்தனர். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29இல் தீர்ப்பளித்தது. அதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29இல் உறுதிசெய்தது. தீர்ப்புக்கு முன் நீதிபதி பி. வேல்முருகன் நேரில் அந்த ஊருக்குச் சென்று பார்த்தார். வன்கொடுமைக்கு ஆளான ஒவ்வொரு பெண்ணுக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்கவும், அதில் பாதியைப் பாலியல் குற்றவாளிகளிடமே வசூலிக்கவும், அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீது நடவடிக்கை எடுக்கவும் ஆணையிட்டார்.

மானியக் கணக்குக்கும் இத்தீர்ப்பில் பாடம் இருக்கிறது. தவறின் விலையை மக்களின் நிதி மட்டும் சுமக்காமல், தவறு செய்தவரின் பையும் சுமக்க வேண்டும் என்கிறது அது. உண்மையை அறிய ஊருக்கே போக வேண்டும் என்றும் காட்டுகிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தன் 4ஆம் பிரிவில், கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியரைத் தண்டிக்கிறது. முதலமைச்சர் தலைமையிலான விழிப்புணர்வுக் குழு ஆண்டுக்கு இருமுறையும், ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் கூட வேண்டும் என்கின்றன அதன் விதிகள். வன்கொடுமையில் கடமை தவறினால் தண்டனை என்றால், மானியத்தில் கடமை தவறினால் ஏன் தணிக்கைக் குறிப்போடு நிற்க வேண்டும்?

4. வெளியுலகின் இரு பாடங்கள்

யூத வெறுப்பை ஒழிக்கும் பணியில் மேற்கு நாடுகள் அண்மையில் சந்தித்த இரு நிகழ்வுகள் இந்த வாதத்துக்கு உதவும். யூதர் வரலாறும் மலையாளிகள் வரலாறும் வேறு வேறு. ஆனால் வெறுப்பை ஒழிக்க அரசு பணம் கொடுக்கும்போது எழும் கேள்விகள் ஒன்றே.

கனடா அரசு இனவெறி எதிர்ப்புத் திட்டத்தின் கீழ் ஓர் ஊடக அமைப்புக்கு 1,30,000 டாலருக்கு மேல் வழங்கியது. அவ்வமைப்பின் ஆலோசகர் யூதர்களை இழிவுபடுத்திச் சமூக ஊடகத்தில் எழுதியிருந்தது 2022 ஆகஸ்டில் பெரும் சர்ச்சையானது. அமைச்சர் அகமது ஹுசைன் நிதியை நிறுத்தினார். அந்தப் பதிவுகள் ஒளித்து வைக்கப்பட்டவை அல்ல. துறையின் சரிபார்ப்புக்குத்தான் அவை தெரியவில்லை. இழிவுக்கு ஆளானவர்களிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் அந்தப் பணம் போயிருக்காது.

2025 ஏப்ரலில் அமெரிக்க அரசு, வளாகத்தில் யூத வெறுப்பைத் தடுக்கவில்லை என்று காரணம் சொல்லி, ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கான 220 கோடி டாலர் மானியத்தை முடக்கியது. ஆய்வுப் பணத்துக்கும் அந்தக் காரணத்துக்கும் உண்மையான தொடர்பில்லை, உரிய நடைமுறையும் பின்பற்றப்படவில்லை என்று கண்டு நீதிபதி அலிசன் பரோஸ் செப்டம்பரில் அதைச் சட்டவிரோதம் என்றார். கொடுக்குமுன் ஆராயாதது கனடாவில் நடந்த பிழை. விசாரிக்காமல் நிறுத்தியது அமெரிக்காவில் நடந்த பிழை. பாதிக்கப்பட்ட சமூகத்தின் பெயர் இரண்டிலும் உரக்க ஒலித்தது. அதன் குரலுக்கு முறையான இடம் இரண்டிலும் இல்லை.

5. கிராம சபையின் சான்று

அந்த இடத்தை உருவாக்கும் சட்டம் இந்தியாவில் ஏற்கெனவே இருக்கிறது. ஊராட்சி முறையை அட்டவணைப் பகுதிகளுக்கு விரிவாக்கிய 1996ஆம் ஆண்டின் பெசா சட்டம், பணம் முறையாகச் செலவானது என்ற சான்றைக் கிராம சபையிடமிருந்து ஊராட்சி பெற வேண்டும் என்கிறது. பழங்குடியினர் துணைத் திட்டம் உள்ளிட்ட உள்ளூர்த் திட்டங்களின் மீதும் உள்ளூர் அமைப்புகளுக்கு அது கட்டுப்பாடு தருகிறது. ஆனால் அச்சட்டம் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணையின் கீழ் அறிவிக்கப்பட்ட பழங்குடியினர் பகுதிகளுக்கே பொருந்தும். தமிழ்நாட்டில் அப்படி ஒரு பகுதியும் அறிவிக்கப்படவில்லை. சார்க்கண்டில் ஒரு முண்டாப் பழங்குடிக் கிராமத்துக்கு உள்ள உரிமை, பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் கொல்லிமலைக்கு இல்லை.

தமிழ்நாட்டுப் பழங்குடியினர் சிதறி வாழ்வதால் அட்டவணைப் பகுதி பொருந்தாது என்பது வழக்கமான மறுப்பு. மாநிலம் முழுவதையும் நோக்கினால் அது சரி. பழங்குடியினர் பெரும்பான்மை, நிலத் தொடர்ச்சி, நிர்வாக அலகாக அமையும் தன்மை, பின்தங்கிய நிலை ஆகியவையே அட்டவணைப் பகுதிக்கான அளவுகோல்கள். தனி ஊராட்சி ஒன்றியமாகவே உள்ள கொல்லிமலைக்கு இவை பொருந்துகின்றன.

ஒப்பந்ததாரர்கள் கிராம சபையையும் வளைத்துவிடுவார்கள் என்பது இரண்டாவது மறுப்பு. இதில் உண்மை உண்டு. தீர்மான நோட்டை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கும் வழக்கம் ஊரறிந்தது. அதற்கு மருந்து வெளிச்சம்தான். ஒவ்வொரு பணியின் மதிப்பீடும் செலவும் சபைக்கு ஒரு மாதம் முன்பே ஊரில் எழுதி ஒட்டப்பட வேண்டும். சபையில் பணிவாரியாக உரக்கப் படிக்க வேண்டும். மறுப்பவரின் சொல் அப்படியே பதிவாக வேண்டும். சான்று மறுக்கப்பட்ட பணியை வெளியூர்த் தணிக்கைக் குழு நேரில் பார்க்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டம் சமூகத் தணிக்கையைக் கிராம சபையின் கையில் கொடுத்தது. மேகாலயம் 2017இல் அதைப் பல துறைகளுக்கும் விரித்துத் தனிச் சட்டமே இயற்றியது.

சான்று மறுக்கப்பட்டால் நிதி நிற்கக் கூடாது என்பதையும் சட்டத்தில் எழுத வேண்டும். விசாரணை அலுவலர் மீதும் ஒப்பந்ததாரர் மீதும் நடக்கட்டும். இழப்பு அவர்களிடம் வசூலாகட்டும். விடுதிக்கு அரிசி நிற்க வேண்டாம்.

6. முடிவுரை

ஐந்தாம் அட்டவணை அறிவிப்புக்கு மாநிலம் பரிந்துரைக்க வேண்டும். குடியரசுத் தலைவர் ஆணையிட வேண்டும். அதற்குக் காலம் ஆகும். 2024ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கிராம சபைச் சான்றைக் கட்டாயமாக்கும் விதியை மாநில அரசே இயற்றலாம். அதுவரையிலும் காத்திருக்கத் தேவையில்லாத ஒரு செயல் உண்டு. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. வரும் நவம்பர் 1, உள்ளாட்சி நாள் கூட்டத்தில், கொல்லிமலையின் 14 ஊராட்சிகளிலும் சென்ற ஆண்டின் பயன்பாட்டுச் சான்றிதழ்களை ஊரார் முன் படிக்கச் செய்யுமாறு மாவட்ட நிர்வாகத்தையும் பழங்குடியினர் நலத் துறையையும் இக்கட்டுரை வேண்டுகிறது. தங்கள் பெயரால் செலவான பணத்தின் கணக்கைத் தங்கள் காதால் கேட்பது அம்மக்களின் உரிமை.