வரைபடத்தில் இல்லாத மின்னோட்டம்: மின்னணுச் சுற்றுகளின் கதிர்வீச்சைக் கணித்தறிந்த வரலாறு

முன்னுரை

1975 ஏப்ரலில் கலிஃபோர்னியாவில் நடந்த ஹோம்ப்ரூ கணினிக் கழகக் கூட்டம் ஒன்றில், ஸ்டீவ் டாம்பியர் என்பவர் தம் ஆல்டேர் 8800 கணினியின் அருகே சிறு வானொலிப் பெட்டி ஒன்றை வைத்தார். இரண்டிற்கும் இடையே கம்பி இணைப்பு ஏதும் இல்லை. ஆயினும் நிரல் ஓடத் தொடங்கியதும் வானொலியில் பீட்டில்ஸ் குழுவினரின் பாடலொன்றின் மெட்டு ஒலித்தது. கணினியின் மின்சுற்றுகள் வெளியிட்ட கதிர்வீச்சையே அவ்வானொலி பெற்று ஒலித்தது. கழகத்தாருக்கு அது வியப்பு. அண்டை வீட்டுத் தொலைக்காட்சிக்கோ அதே கதிர்வீச்சு இரைச்சல்.

கருவியைச் செய்து முடிக்கும் முன்பே, அதன் வடிவமைப்பிலிருந்து இக்கதிர்வீச்சைக் கணினிவழி உருவகப்படுத்தி அறிய முயன்ற வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. கணினிகளின் வேகமும் நினைவகமும் பெருகியதன் வரலாறாகவே இது பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மையே. மேக்ஸ்வெல்லின் சமன்பாடுகளைத் தீர்ப்பது ஒரு தடையாக இருந்தது. எந்த மின்னோட்டத்திற்காகத் தீர்ப்பது என அறிவது அதனினும் பெரிய தடையாக இருந்தது. மிகுதியாகக் கதிர்வீசும் மின்னோட்டம், வடிவமைப்பாளர் வரைந்த சுற்றுப்படத்தில் பெரும்பாலும் இடம்பெறுவதே இல்லை.

சட்டத்தின் நெருக்கடி

1979இல் அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் கணினிக் கருவிகளுக்கென விதிகளை வகுத்தது. நொடிக்கு 10,000 துடிப்புகளுக்கு மேல் எழுப்பும் இலக்கக் கருவிகள் அவற்றிற்கு உட்பட்டன. வீட்டுப் பயன்பாட்டுக் கருவியாயின், 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களில், 3 மீட்டர் தொலைவில் அதன் மின்புலம் மீட்டருக்கு 100 மைக்ரோவோல்ட்டைத் தாண்டலாகாது. டாண்டி நிறுவனத்தின் டி.ஆர்.எஸ்-80 மாடல் 1 கணினி, இவ்விதிகளுக்கு ஒத்துவராமையால் 1981 தொடக்கத்தில் கைவிடப்பட்டது. நன்கு விற்ற ஒரு பொருளைக் கதிர்வீச்சு சந்தையிலிருந்து அகற்றக்கூடும் என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது. முன்கூட்டியே கணித்தறியும் தேவை இவ்வாறு ஆய்வகத்தைக் கடந்து தொழிற்கூடத்தை எட்டியது.

சமன்பாடும் கட்டமும்

தேவைக்கு முன்பே கருவிகள் பிறந்திருந்தன. 1966இல் கேன் யீ, வெளியைச் சிறு கட்டங்களாகப் பகுத்து, மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் அரைக்கட்ட இடைவெளியில் மாற்றி மாற்றி அமைத்து, நேரத்திலும் ஒன்றைத் தொடர்ந்து மற்றொன்றாகக் கணிக்கும் முறையை வெளியிட்டார். 1968இல் ரோஜர் ஹாரிங்டன், கடத்திகளின் மேல் பாயும் மின்னோட்டத்தையே அறியாக் கணியமாகக் கொள்ளும் திருப்புத்திறன் முறையை நூலாக்கினார். யீயின் கட்டுரை பல்லாண்டுகள் பெரிதும் கவனிக்கப்படவில்லை. ஆலன் டாஃப்லோவ் 1970களில் அதனைக் கையிலெடுத்து, 1980இல் எஃப்.டி.டி.டி. என்னும் பெயரையும் சூட்டினார்.

கவனிக்கப்படாமைக்கான காரணத்தை ஒரு கணக்கு தெளிவாக்கும். 200 மில்லிமீட்டர் நீளமும் 150 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட சுற்றுப்பலகையை, 20 மில்லிமீட்டர் உயர வெளியோடு சேர்த்து, 0.1 மில்லிமீட்டர் கட்டங்களாகப் பகுப்போம். 60 கோடிக் கட்டங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் ஆறு புலக்கூறுகள், கூறொன்றுக்கு 4 பைட் எனில், 14.4 கிகாபைட் நினைவகம் வேண்டும். 1976இல் வெளிவந்த கிரே-1 மீக்கணினியின் நினைவகம் 8 மெகாபைட். பலகையோடு இணைந்த ஒரு மீட்டர் கம்பியை நாம் இன்னும் இக்கணக்கில் சேர்க்கவே இல்லை.

சுற்றாக மாறிய வடிவம்

ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆல்பர்ட் ரூலி வேறு வழியில் சென்றார். 1973இல் பெர்க்லியில் உருவான ஸ்பைஸ் போன்ற சுற்றுக் கணிப்பு நிரல்களுக்கு இணைப்புக் கோட்டின் நீளமோ வடிவமோ தெரியாது. நிலமுனை எங்கும் ஒரே மின்னழுத்தம் எனவே அவை கொள்ளும். ரூலி 1972இல், ஒரு முழுக் கண்ணியின் மின்தூண்டத்தை அதன் ஒவ்வொரு கடத்தித் துண்டுக்கும் பகிர்ந்தளிக்கும் முறையை வகுத்தார். 1974இல் அதனை விரித்து, முப்பரிமாணக் கடத்தி அமைப்பு எதனையும் மின்தடை, மின்தூண்டி, மின்தேக்கி ஆகியவற்றாலான சமானச் சுற்றாக எழுதலாம் எனக் காட்டினார். வடிவியல் முதன்முறையாகச் சுற்றின் மொழியில் பேசியது எனலாம். ஆனால் ஒளிவேகத்தால் எழும் காலத்தாழ்வை விட்டுவிட்டால், அச்சமானச் சுற்று தன் ஆற்றலை வெளிக்குக் கதிர்வீசி இழப்பதில்லை. ஹீப், ரூலி இருவரும் இத்தாழ்வை 1991இல் சுற்றுப்பலகை இணைப்புகளுக்கான மாதிரியில் சேர்த்தனர்.

‘சுற்று’ என்னும் நம் சொல்லே, போன மின்னோட்டம் திரும்ப வேண்டும் என்பதை உணர்த்துகிறது. சுற்றுப்படத்தில் வரையும் நிலக்குறியோ, எவ்வழியாகத் திரும்புகிறது என்பதை மறைத்துவிடுகிறது. கதிர்வீச்சுச் சிக்கலின் பெரும்பகுதி இம்மறைப்பில் அடங்கியுள்ளது என்பது என் கருத்து.

எட்டு மைக்ரோஆம்பியர்

இதனை எண்களால் நிறுவியவர் கிளேட்டன் பால். 1989இல் வெளியான அவரது கட்டுரை இருவகை மின்னோட்டங்களை ஒப்பிட்டது. முதல்வகை, ஒரு கம்பியில் சென்று மறுகம்பியில் திரும்பும், வடிவமைப்பாளர் கருதிய மின்னோட்டம். இரண்டாம் வகை, இரு கம்பிகளிலும் ஒரே திசையில் பாயும், பொறியாளர்கள் காமன் மோடு என அழைக்கும் பொதுப்பாங்கு மின்னோட்டம். முதல்வகையில் இரு புலங்களும் ஏறத்தாழ ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இரண்டாம் வகையில் அவை கூடுகின்றன. பாலின் வாய்பாடுகளில், 1.27 மில்லிமீட்டர் இடைவெளியும் ஒரு மீட்டர் நீளமும் கொண்ட இணைக்கம்பியை எடுத்து, 30 மெகாஹெர்ட்ஸில் கணித்துப் பார்க்கலாம். 100 மைக்ரோவோல்ட் வரம்பை எட்ட முதல்வகை மின்னோட்டம் ஏறக்குறைய 20 மில்லிஆம்பியர் வேண்டும். இரண்டாம் வகைக்கு 8 மைக்ரோஆம்பியரே போதும். ஏறத்தாழ 2,500 மடங்கு வேறுபாடு.

சுற்றுப்படத்தை மட்டும் உள்ளீடாகக் கொண்ட நிரல், எவ்வளவு துல்லியமானதாயினும், அந்த 8 மைக்ரோஆம்பியரைக் காணாது. 1994இல் பெரங்கேர், கட்டங்களின் விளிம்பில் அலை எதிரொளிக்காது அடங்கும் உறிஞ்சடுக்கை அமைத்தபோது எஃப்.டி.டி.டி. முறையின் துல்லியம் பெரிதும் உயர்ந்தது; இக்குறை மட்டும் அதனால் தீரவில்லை. அதே காலத்தில் மிசௌரி-ரோலா பல்கலைக்கழகத்தின் ட்ரூனியாக், ஹூபிங், வான் டோரன் ஆகியோர், பொதுப்பாங்கு மின்னோட்டத்தை எது தூண்டுகிறது என வினவினர். திரும்பும் மின்னோட்டம் நிலத்தளத்தில் ஏற்படுத்தும் சிறு மின்னழுத்த வேறுபாடு ஒரு காரணம். சமிக்ஞைக் கடத்தி வெளிக்கம்பியோடு கொள்ளும் நேரடி மின்தேக்கப் பிணைப்பு மற்றொன்று. முன்னதை மின்னோட்டத் தூண்டல் எனவும் பின்னதை மின்னழுத்தத் தூண்டல் எனவும் அவர்கள் வகைப்படுத்தினர். எதை உருவகப்படுத்த வேண்டும் என்னும் வினாவுக்கு இவ்வகைப்பாடு விடையளித்தது. மாதிரியில் இடம்பெற வேண்டியவை பலகையின் தடங்கள் மட்டுமல்ல, நிலத்தளத்தின் விளிம்பும் அதிலிருந்து வெளியேறும் கம்பியும் ஆகும்.

அக்கம்பி எவ்வாறு கிடக்கும் என்பதோ வடிவமைப்பாளர் கையில் இல்லை. சோதனைக்கூடத்தில் கருவியைச் சுழல்மேடையில் திருப்பி, ஆண்டெனாவை 1 முதல் 4 மீட்டர் வரை உயர்த்தி இறக்கி, மிகுதியான மதிப்பையே பதிவு செய்கின்றனர். ஹூபிங் பின்னர் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய கணிப்பான்கள் துல்லிய மதிப்பைத் தேடாமல், இக்கருவி எந்நிலையிலும் இதற்கு மேல் கதிர்வீசாது என்னும் மேல்வரம்பை மட்டுமே தருகின்றன.