காணவும் காணப்படவும்: மோட்டார் சைக்கிள் விளக்கின் வரலாறு

இருளை மனிதன் வென்ற வரலாறு பெரிய விளக்குகளால் மட்டும் ஆனதன்று. அரண்மனை விளக்கும் கலங்கரை விளக்கமும் ஏடுகளில் இடம்பெறும். உழைப்பவன் தன் நெற்றியிலும் வண்டியிலும் ஏந்திச் சென்ற சிறு விளக்கையோ ஏடுகள் எளிதில் மறந்துவிடும். ஜொகூர் மாநிலத்துச் சாலைகளில் விடியலுக்கு முன்பே விரையும் மோட்டார் சைக்கிளின் விளக்கும் அவ்வாறு மறக்கப்பட்ட ஒன்றே. அவ்விளக்கின் குமிழ் மாறிய வரலாற்றினுள்ளே உழைக்கும் மக்களின் வாழ்வு மாறிய வரலாறும் அடங்கியிருக்கிறது.

வெயில் ஏறுமுன் சீவினால்தான் ரப்பர் மரம் நன்கு பால் வடிக்கும். ஆதலால் குளுவாங், சிகாமட், கூலாய் வட்டாரத் தோட்டங்களில் தொழிலாளர் இருள் பிரியுமுன்பே பிரட்டுக் களத்தில் கூடினர். இருளில் மரம் சீவியோர்க்குத் துணை நின்றது கார்பைட் விளக்கு. கால்சியம் கார்பைட் கல்லின்மீது நீர் சொட்டும்பொழுது அசிட்டிலின் என்னும் வாயு பிறக்கும். அது சிறு துளையின் வழியே வெளிப்பட்டு வெண்சுடராக எரியும். இக்கல்லை மின்னுலையில் உண்டாக்கும் வழியைக் கனடா நாட்டவரான தாமஸ் வில்சன் 1892ஆம் ஆண்டில் கண்டார். அதன்பின் சுரங்கத் தொழிலாளியின் தலையிலும் மிதிவண்டியின் முகப்பிலும் அதே சுடர் எரிந்தது. உலகின் தொடக்ககால மோட்டார் சைக்கிள்களுக்கும் அதுவே கண்ணாக விளங்கியது.

எடிசன் 1879ஆம் ஆண்டிலேயே மின்விளக்கை ஒளிரச் செய்துவிட்டார். எனினும் அவருடைய கரியிழை குலுங்கும் வண்டிக்கு ஏற்றதாக இல்லை. 1910ஆம் ஆண்டளவில் வில்லியம் கூலிட்ஜ் டங்ஸ்டன் உலோகத்தை வளையக்கூடிய மெல்லிய கம்பியாக இழுக்கும் வழியைக் கண்ட பின்னரே அதிர்ச்சியைத் தாங்கும் குமிழ் கைகூடியது. 1920களில் மோட்டார் சைக்கிள்களில் மின்விளக்கு பரவலாயிற்று. அருகில் ஒளி வீச ஓர் இழை, தொலைவில் வீச மற்றோர் இழை என ஒரே குமிழில் ஈரிழை அமைந்ததும் அப்பத்தாண்டிலேதான்.

மலாயாவின் எளிய மக்களுக்கு இவ்வசதி கிட்டியது பிற்காலத்தில்தான். 1958ஆம் ஆண்டில் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 'சூப்பர் கப்' என்னும் சிறு வண்டியை வெளியிட்டது. அதே ஆண்டில் பினாங்கைச் சேர்ந்த தொழிலதிபர் லோ பூன் சியூ ஹோண்டா வண்டிகளை இந்நாட்டில் விற்கும் உரிமையைப் பெற்றார். 'கப்சாய்' என்று நாடே அழைக்கும் வண்டியினம் இவ்வாறு வேரூன்றியது. லயத்து வீட்டு வாசலில் மிதிவண்டி நின்ற இடத்தில் காலப்போக்கில் கப்சாய் வந்து நின்றது. தோட்டத் துண்டாடல்களுக்குப் பின் தொழிற்சாலை வேலையை நாடியோர்க்கும், 1977ஆம் ஆண்டில் பாசிர் கூடாங் துறைமுகம் திறக்கப்பட்ட பின் அங்கு வளர்ந்த ஆலைகளுக்குச் சென்றோர்க்கும், 1924ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் உழைத்துத் திரும்புவோர்க்கும் அதுவே கால்களாயிற்று.

அக்காலச் சிறு வண்டிகளில் மின்சாரம் 6 வோல்ட்டு அளவினது. அவற்றுள் பலவற்றில் இயந்திரத்தோடு சுழலும் காந்தமே முகப்பு விளக்குக்கு நேரே மின்சாரம் ஊட்டியது. ஆகவே வண்டி விரைந்தால் விளக்கு பளிச்சிடும். வேகம் தணிந்தால் விளக்கும் மங்கும். இதில் வேறொரு நுட்பமும் உண்டு. முன் விளக்கும் பின் விளக்கும் ஒரே மின்னூற்றைப் பகிர்ந்துகொண்டன. பின் குமிழ் எரிந்துபோனால் அதன் பங்கும் முன் குமிழின்மேல் பாயும். சில நாளில் அதுவும் எரிந்துபோகும். சிறு குமிழை உடனே மாற்றாதவன் பெரிய குமிழையும் இழந்தான். பின்னாளில் 12 வோல்ட்டு அமைப்பும் மின்னழுத்தத்தை அளவோடு நிறுத்தும் கருவியும் வந்து இக்குறையைப் போக்கின.

அடுத்து வந்தது ஹாலஜன் குமிழ். சாதாரணக் குமிழில் டங்ஸ்டன் சிறிது சிறிதாக ஆவியாகிக் கண்ணாடியில் கரியாய்ப் படியும். ஹாலஜன் குமிழில் அயோடின் அல்லது புரோமின் அவ்வாவியோடு சேர்ந்து அதனை மீண்டும் இழைக்கே கொண்டு சேர்க்கும். எனவே கண்ணாடி கறுக்காது, ஒளியும் குன்றாது. அதன் படிகக் கண்ணாடி கடும் வெப்பத்தில் நிற்பது. விரலின் எண்ணெய்ப் பசை ஒட்டினால் அவ்விடம் பழுதாகும். ஆதலின் அக்குமிழை வெறுங்கையால் தொடலாகாது என்பது பட்டறைகளில் கற்பிக்கப்படும் முதற்பாடம்.

இவையனைத்தும் ஓட்டுநர் சாலையைக் காண்பதற்காக நிகழ்ந்த முன்னேற்றங்கள். 1992ஆம் ஆண்டில் விளக்கின் பொருளே மாறியது. மோட்டார் சைக்கிளின் முகப்பு ஒடுங்கியது. சந்தியில் திரும்பும் கார் ஓட்டுநரின் கண்ணுக்கு அது எளிதில் புலப்படாது. இதனை உணர்ந்த மலேசிய அரசு அவ்வாண்டு ஜூலைத் திங்களில் பகலிலும் முகப்பு விளக்கை எரிய விடும் இயக்கத்தைத் தொடங்கியது. செப்டம்பரில் அதனைச் சட்டமாக்கியது. சிரம்பானிலும் ஷா ஆலமிலும் நடந்த விபத்துகளை ஆராய்ந்த ராடின் உமார் குழுவினர், மோட்டார் சைக்கிள் கண்ணிற் படாமையோடு தொடர்புடைய விபத்துகள் ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்தன என்று 1996ஆம் ஆண்டில் எழுதினர். சிங்கப்பூர் 1995ஆம் ஆண்டில் இவ்வழியைப் பின்பற்றியது. இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளின் விளக்கு தானே எரியுமாறு அமைக்கப்பட்டது.

காண்பதற்கென்று பிறந்த விளக்கு காணப்படுவதற்கும் உரியதாயிற்று. இம்மாற்றம் ஒரு கடமையையும் உடன் கொணர்ந்தது. இரவில் மட்டும் எரிந்த குமிழ் இப்போது வண்டி ஓடும் பொழுதெல்லாம் எரிகிறது. இழையின் ஆயுளோ மணிக்கணக்கில் அளந்து வைத்தது. எனவே குமிழ் முன்னினும் விரைவில் தீர்ந்துபோகும். நண்பகலில் அது அணைந்ததை ஓட்டுபவர் உணரமாட்டார். எதிரே வருபவரும் அவரைக் காணமாட்டார். சில ரிங்கிட் விலையுள்ள ஒரு குமிழ் ஓர் உயிருக்குக் காவலாக நிற்கிறது. மலேசியச் சாலைகளில் மடிவோருள் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவரே என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும்.

மற்றொரு பிழை இதற்கு நேர்மாறானது. ஒளி மிகுந்தால் நலமும் மிகும் என எண்ணி, வண்டிக்குப் பொருந்தாத வலிய குமிழைப் பூட்டுவோர் உளர். மிகுதியான வாட்டு வெப்பத்தைப் பெருக்கிக் கம்பியையும் பிடிப்பானையும் உருக்கும். நீல ஒளியுமிழியைக் கண்டறிந்த அகசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவர்க்கும் 2014ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவர்கள் வழிவந்த எல்இடி விளக்கு குறைந்த மின்சாரத்தில் நிறைந்த ஒளி தருவது, அதிர்ச்சிக்கும் அஞ்சாதது. எனினும் இழைக் குமிழுக்கென வளைக்கப்பட்ட பிரதிபலிப்பானில் அதனைப் பொருத்தினால் ஒளி பிறக்கும் இடம் குவியத்தினின்றும் பிறழும். கற்றை சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். அதற்கென்றே அமைந்த விளக்கில் அது வரம், பிறவற்றில் ஊறு.

இன்றும் விடியலுக்கு முன் ஜொகூர்ப் பாலத்தின்மீது மோட்டார் சைக்கிள் விளக்குகள் வரிசையாய் நகர்கின்றன. ஒவ்வொரு விளக்கின் பின்னும் ஒரு குடும்பத்தின் உணவு நகர்கிறது. பாட்டனின் நெற்றியில் எரிந்த கார்பைட் சுடர் அவனுக்கு மரத்தின் கோட்டைக் காட்டியது. பேரனின் வண்டியில் எரியும் விளக்கு அவனுக்கு வழியைக் காட்டுவதோடு அவனையும் உலகுக்குக் காட்டுகிறது. அணைந்த குமிழ் தன்னை மறைக்கும். அளவு கடந்த குமிழ் பிறரை மறைக்கும். தானும் கண்டு, பிறர் கண்ணுக்கும் புலனாகி, எவர் கண்ணையும் கெடுக்காது எரிவதே நல்விளக்கு.