கணக்கு எதற்கு?

மகளிர் நாள் கூட்டங்களில் நான் வழக்கமாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. தொடக்ககால மின்னணுக் கணினியான எனியாக்குக்கு முதலில் நிரல் அமைக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு பேரும் பெண்கள். 1946 பிப்ரவரி 15 அன்று ஃபிலடெல்ஃபியாவில் அந்த இயந்திரத்தை உலகுக்குக் காட்டியபோது அவர்களை யாரும் அறிமுகப்படுத்தவில்லை. இரவு விருந்துக்கும் அழைக்கவில்லை. 1980களில் கேத்தி க்ளைமன் என்ற மாணவி, பழைய புகைப்படங்களில் இயந்திரத்தருகே நிற்கும் பெண்கள் யார் என்று கேட்டார். ஃபிரிட்ஜ் விளம்பரத்தில் வருவதுபோல அழகுக்காக நிறுத்தப்பட்டவர்கள் என்று பதில் வந்தது. இந்த இடத்தில் அரங்கம் கொதிக்கும். எனக்கும் பிடித்த இடம் அது.

சென்ற ஆண்டு கூட்டம் முடிந்ததும் பழைய மாணவி ஒருத்தி வந்தாள். கணினி அறிவியல் படித்தவள். பகுதி ஒன்று தமிழுக்கு என் வகுப்பில் இருந்தவள். இப்போது சென்னையில் மென்பொருள் வேலை.

“அவங்க ஆறு பேரும் என்ன கணக்கும்மா போட்டாங்க?”

“பீரங்கிக் கணக்கு” என்றேன், பொன்னாடையை மடித்துக்கொண்டே.

“தெரிஞ்சுதான் போட்டாங்களா?”

இத்தனை ஆண்டுகள் இந்தக் கதையைச் சொன்ன எனக்கு இந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

தெரிந்துதான் போட்டார்கள், முதலில். 1942இல் கணிதப் பட்டம் பெற்ற பெண்களைத் தேடி அமெரிக்க ராணுவம் விளம்பரம் கொடுத்தது. வேலையின் பெயரே ‘கம்ப்யூட்டர்’. பீரங்கியை எந்தக் கோணத்தில் உயர்த்தினால் குண்டு எங்கே விழும் என்பதை, காற்றையும் வெப்பத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு அட்டவணையாக்க வேண்டும். ஒரு பாதையைக் கையால் கணக்கிட முப்பது, நாற்பது மணி நேரம் ஆகும். இந்த வேலையை விரைவாக்கத்தான் எனியாக். அயர்லாந்தில் பிறந்த கே மெக்நல்டி அந்தப் பெண்களில் ஒருவர். அவர் பிறந்த இரவில்தான் அவருடைய தந்தையை, ஐரிஷ் விடுதலைப் படையைச் சேர்ந்தவர் என்று கைதுசெய்து கொண்டுபோனார்கள். துப்பாக்கி என்றால் என்ன என்று அறியாத வீட்டிலிருந்து அவர் வரவில்லை.

1945இல் கே, பெட்டி ஸ்னைடர், பெட்டி ஜென்னிங்ஸ், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான்சஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மன் ஆகியோரை எனியாக்குக்குத் தேர்ந்தெடுத்தார்கள். பாதுகாப்பு அனுமதி வரும்வரை இயந்திரம் இருந்த அறைக்குள் விடவில்லை. சுற்று வரைபடங்களை மட்டும் கையில் கொடுத்தார்கள். வழிகாட்டி நூல் கிடையாது. சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள் கொண்ட அந்த இயந்திரத்தைப் படத்தைப் பார்த்தே கற்றார்கள். எப்படி இயங்குகிறது என்பதில் அவர்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

ஆகஸ்டில் ஹிரோஷிமா, நாகசாகி. போர் முடிந்தது. இனி எந்தப் பீரங்கிக்கு அட்டவணை? அந்த ஆண்டின் இறுதியில் லாஸ் அலமோஸிலிருந்து இரண்டு இயற்பியலாளர்கள் கணக்கு ஒன்றோடு வந்தார்கள். எனியாக் செய்த முதல் பெரிய வேலை அதுதான்: ஹைட்ரஜன் குண்டு சாத்தியமா என்ற கணக்கு. அதற்குச் சுவிட்சுகளை அமைப்பதில் இந்தப் பெண்களும் உதவினார்கள். சமன்பாடுகளில் ஒளிவுமறைவில்லை, அவை எதைப் பற்றியவை என்பது மட்டும் ரகசியம். பிரித்துக் கொடுத்தால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதை அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள்.

பிப்ரவரி காட்சிக்கான நிரல், பெட்டி ஸ்னைடரும் பெட்டி ஜென்னிங்ஸும் அமைத்தது. முப்பது நொடி பறக்கும் குண்டின் பாதையை இயந்திரம் இருபது நொடியில் கணக்கிட்டது. முந்தைய நாள் மாலை ஒரு பிழை. குண்டு தரையைத் தொட்ட பிறகும் கணக்கு நிற்காமல் நிலத்துக்குள் போய்க்கொண்டே இருந்தது. இரவு முழுக்க அதையே நினைத்துத் தூங்கிய ஸ்னைடர் காலையில் வந்து ஒரே ஒரு சுவிட்சை மாற்றினார். குண்டு தரையில் நின்றது. இதை மேடையில் சொல்லிக் கைத்தட்டல் வாங்கியிருக்கிறேன். அந்தச் சமன்பாட்டில் தரை என்பது பூஜ்யம். அங்கே யாருக்கும் வீடில்லை.

அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை. அந்த அட்டவணைகள் நாஜிகளுக்கு எதிரான போருக்கும் போயின. தெரிந்தே செய்தவரும் உண்டு. 1948இல் எனியாக்கில் அணுகுண்டுக்கான நியூட்ரான் கணக்குகளுக்கு நிரல் எழுதிய கிளாரா வான் நாய்மனுக்கு அது எதற்கென்று நன்றாகவே தெரியும். அவரையும் வரலாறு மறந்தது, நாம் மீட்டோம். மீட்கும்போது பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

அந்த மாணவியை மறுபடி தொலைபேசியில் பிடித்தேன். ஏன் கேட்டாய் என்றேன். இரண்டு ஆண்டுகளாகக் கூட்டத்துக்குள் ஒரு முகத்தைப் பிரித்தெடுக்கும் நிரலின் ஒரு துண்டை எழுதுகிறாளாம். எந்த ஊர்க் கேமராவுக்கு, யாரைத் தேட என்று தெரியாது. “க்ளையன்ட்டுக்குத்தான் தெரியும்மா.” மேலாளரிடம் கேட்டாயா என்றேன். ஒரு முறை கேட்டாளாம். அது உன் மாட்யூலில் இல்லையே என்றாராம் அவர்.

“திங்கட்கிழமை மறுபடி கேக்கறேன்” என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கடன் இன்னும் பதினோரு வருஷம் இருக்கு என்றாள்.