காண்டாமிருகப் புத்தகம் இளைத்தது ஏன்?

ஜாவாஸ்கிரிப்ட் கற்க வருபவர் புத்தகத்தின் புகழைப் பார்ப்பதற்கு முன் பதிப்பு ஆண்டைப் பார்க்க வேண்டும். 2015-க்கு முந்தியதா, பிந்தியதா என்பதுதான் முதல் கேள்வி. 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் முதல் வடிவத்தை எழுதிய மொழி அது. 1999-இல் வந்த மூன்றாம் தரநிலைக்குப் பிறகு பத்தாண்டுகள் ஏறக்குறைய அசையாமல் நின்றது; நான்காம் தரநிலை கருத்து வேறுபாட்டில் சிக்கி 2008-இல் கைவிடப்பட்டது. ஜிமெயிலும் கூகுள் மேப்ஸும் பிறந்தது அந்தத் தேக்கத்தின் நடுவில்தான். மொழி தராததை நிரலாளர்கள் உத்திகளால் ஈடுகட்டினார்கள். அவற்றைச் சொல்லித் தருவது அக்காலப் புத்தகங்களின் பெரும்பணியாயிற்று.

டக்ளஸ் கிராக்ஃபோர்டு 2008-இல் எழுதிய ‘ஜாவாஸ்கிரிப்ட்: தி குட் பார்ட்ஸ்’ அவற்றில் தலைசிறந்தது. ஒரு மொழியில் எதை ஒதுக்க வேண்டும் என்று துணிந்து சொன்ன சின்னஞ்சிறு நூல். இரட்டைச் சமக்குறியை விட்டு மூன்று சமக்குறியைப் பிடி என்ற அதன் அறிவுரை இன்றும் செல்லும். ஆனால் ‘வார்’ கொண்டு அறிவித்த மாறி அடைப்புக்குறிக்குள் அடங்காது என்பதால் எழுந்த எச்சரிக்கைகளுக்கு, 2015-இல் வந்த ‘லெட்’டும் ‘கான்ஸ்ட்’டும் வேலையே வைக்கவில்லை. அடிப்படை மாறாதே, பழைய நூலில் என்ன குறை என்று கேட்கலாம். பைத்தான் 2 புத்தகத்தின் ‘பிரிண்ட்’ வரியைப் பைத்தான் 3-இல் இட்டால் உடனே பிழை காட்டும்; புத்தகம் பழசு என்று கற்பவருக்குத் தெரிந்துவிடும். ஜாவாஸ்கிரிப்டில் அப்படி நடக்காது. பழைய இணையப் பக்கங்கள் உடையக் கூடாது என்பதால் உலாவிகள் எதையும் எளிதில் கைவிடுவதில்லை. பழைய பாடம் பிசகாமல் ஓடும். காலாவதியானதைக் கற்கிறோம் என்ற சந்தேகமே எழாது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

எல்லாம் இணையத்திலேயே கிடைக்கும்போது புத்தகம் எதற்கு என்பது இன்னொரு மறுப்பு. அட்டையில் காண்டாமிருகம் நிற்கும் டேவிட் ஃபிளானகனின் நூல் இதற்குப் பதில் சொல்கிறது. 2011-இன் ஆறாம் பதிப்பு ஆயிரம் பக்கங்களைத் தாண்டியது. 2020-இன் ஏழாம் பதிப்பு எழுநூறு பக்க அளவுக்கு இளைத்தது. பின்பகுதியில் இருந்த நீண்ட அகராதி போய்விட்டது. அந்த வேலையை இணைய ஆவணங்கள் ஏற்றுக்கொண்டன. எதன்பின் எதைக் கற்பது என்னும் வரிசையும் விளக்கமும் நின்றன. அவற்றுக்குத்தான் இன்று காசு கொடுக்க வேண்டும். மரைன் ஹாவர்பெக்கேயின் ‘எலக்வென்ட் ஜாவாஸ்கிரிப்ட்’டும் அதே பெயரில் 2014-இலும் 2018-இலும் வெவ்வேறு பதிப்புகளாக வந்திருக்கிறது, முந்தையது பழைய மொழி, பிந்தையது புதிய மொழி. பழைய புத்தகக் கடையில் எது கிடைத்தாலும் முதல் சில எடுத்துக்காட்டுகளைப் புரட்டினால் போதும்: மாறிகளை ‘வார்’ என்று அறிவிக்கிறதா, ‘லெட்’ என்றா என்று.