தாய்மொழியை யார் தீர்மானிப்பது?

1954 ஜனவரி 6 அன்று பம்பாய் மாநில அரசு பிறப்பித்த சுற்றறிக்கை, மொழியியல் மாணவர்கள் ஒருமுறையேனும் படிக்க வேண்டிய ஆவணம். ஆங்கிலம் பயிற்றுமொழியாக உள்ள வகுப்புகளில், ஆங்கிலத்தைத் தம் மொழியாகக் கொண்ட பிரிவினரின் பிள்ளைகளை மட்டுமே இனிச் சேர்க்கலாம் என்றது அது. அப்பிரிவினர் யார் என்பதையும் அதுவே வரையறுத்தது: ஆங்கிலோ இந்தியர், ஆசிய வம்சாவளியினர் அல்லாத குடிமக்கள். வீட்டில் எந்த மொழி பேசப்படுகிறது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. நிலமும் நகையும் போல மொழியும் வம்சவழிச் சொத்தாகிவிட்டது.

நாசிக் மாவட்டம் தேவ்லாலியில் அரசு நிதியுதவி பெற்று நடந்துவந்த பார்ன்ஸ் உயர்நிலைப் பள்ளியின் நிர்வாகம் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. தம் பிள்ளைகளுக்கு இடம் மறுக்கப்பட்ட இரு தந்தையரும் தனித்தனியே நீதிமன்றம் சென்றனர். ஒருவர் இந்தியக் கிறிஸ்தவர். தம் குடும்பத்தின் தாய்மொழி ஆங்கிலமே என்றார். மற்றவர் குஜராத்தி இந்து. முன்னவரிடம் மொழி இருந்தது, வம்சம் இல்லை. பின்னவரிடம், சுற்றறிக்கையின் கணக்கில், இரண்டும் இல்லை.

பம்பாய் உயர்நீதிமன்றம் பெற்றோர் பக்கம் நின்றது. அரசு மேல்முறையீடு செய்தது. தேசிய மொழியை வளர்ப்பதும் தாய்மொழிக் கல்வியை எளிதாக்குவதுமே தன் நோக்கம், எவரையும் விலக்குவதன்று என வாதிட்டது. நோக்கம் எதுவாயினும், ஆணையின் நேரடி விளைவையே நோக்க வேண்டும் என்றார் நீதிபதி எஸ்.ஆர். தாஸ். மொழியை மட்டுமே காரணமாக்கி இடம் மறுப்பது அரசமைப்புச் சட்டத்தின் 29(2) பிரிவுக்கு முரண் என 1954 மே 26 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்னொரு முரணும் வெளிப்பட்டது. ஆங்கிலோ இந்தியப் பள்ளிகள் நிதியுதவி பெற வேண்டுமாயின், ஆண்டுச் சேர்க்கையில் குறைந்தது 40 விழுக்காட்டைப் பிற சமூகத்தாருக்குத் திறந்துவைக்க வேண்டும் என்பது 337ஆம் பிரிவு. அரசமைப்பு திறக்கச் சொன்ன கதவைச் சுற்றறிக்கை சாத்தியிருந்தது.

எனினும், இத்தீர்ப்பைப் பெற்றோரின் தேர்வுரிமைச் சாசனமாகக் கொள்வது மிகை. சேர்க்கையில் பாகுபாடு கூடாது என்பதே அது நிலைநாட்டியது. தேர்வுரிமைக் கேள்வி கூர்மையடைந்த களம் கர்நாடகம். கோகாக் போராட்டத்தின் சூடு ஆறிய பின் 1989இல் வந்த அரசாணை, நான்காம் வகுப்பு வரை பொதுவாகத் தாய்மொழியே பயிற்றுமொழி என வகுத்தது. ஆங்கிலவழி மாணவர்களின் பெற்றோர் சங்கம் அதை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்று, 1993 டிசம்பரில் தோற்றது. 1994 ஏப்ரலில் அரசு மேலும் இறுக்கமான ஆணையைப் பிறப்பித்தது. முதல் நான்கு வகுப்புகளில் தாய்மொழி அல்லது கன்னடமே பயிற்றுமொழி என்றது. அதன்மீதான வழக்கு இருபது ஆண்டுகள் நீண்டது. 2014 மே 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசமைப்பு அமர்வு, தொடக்கக் கல்வியில் பயிற்றுமொழியைத் தேர்வது குழந்தையின் சார்பில் பெற்றோருக்குரிய உரிமை என்றது. அத்துடன், குழந்தையின் தாய்மொழி எது என்பதைப் பெற்றோரே தீர்மானிப்பர் என்றும் கூறியது.

1954இல் வம்சம் தீர்மானித்ததை 2014இல் பெற்றோர் தீர்மானிக்கின்றனர். சனநாயக நோக்கில் இது பெரும் நகர்வு. மொழியியல் நோக்கில் சற்றே விந்தையானது. தாய் துளுவும் தந்தை தமிழும் தெரு கன்னடமும் பேசும் பெங்களூர்க் குழந்தைக்குத் தாய்மொழி என்பது ஒருமைச் சொல்லே அன்று. அதை ஒற்றைக் கட்டத்தில் எழுதச் சொல்லும் படிவம் மட்டும் இன்றுவரை மாறவில்லை.

தேர்வுரிமையைப் பயன்படுத்த முடிந்தவர்கள் பெரும்பாலும் தனியார் பள்ளிக் கட்டணம் செலுத்த இயன்றோரே. அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும் கூலித்தொழிலாளிக்கு, அப்பள்ளி எந்த மொழியில் நடக்கிறதோ அதுவே தேர்வு. ஆந்திரப் பிரதேச அரசு 2019இல் அரசுப் பள்ளிகளை ஆங்கிலவழிக்கு மாற்ற ஆணையிட்டது. 2020 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் அதை நீக்கியது. அதன்பின்னரே பெற்றோரிடம் விருப்பம் கேட்கப்பட்டது. 96 விழுக்காட்டிற்கும் அதிகமானோர் ஆங்கிலவழியைக் கோரினர் என அரசு அறிவித்தது. விருப்பப் படிவத்தில் இருந்தவை மூன்று: தெலுங்கைக் கட்டாயப் பாடமாகக் கொண்ட ஆங்கிலவழி, தெலுங்குவழி, பிறமொழிவழி. ஒரே வகுப்பில் இரு மொழிகளிலும் கற்பிக்கும் முறை அம்மூன்றில் இல்லை.