28 மாதம் காத்திருந்த தொகுதி



இங்கே சிட்னியிலும் மெல்பேர்ணிலும் இடைத்தேர்தல் என்றால் நம்மில் பலருக்கு ஒரு சனிக்கிழமை வீணாகிறது என்ற எண்ணம்தான் முதலில் வரும். போகாவிட்டால் தண்டம் கட்ட வேண்டும்; நியூ சவுத் வேல்ஸில் அது 55 டொலர். யாரோ ஒருவர் பதவியை விட்டுப் போனதற்கு நாங்கள் ஏன் வரிசையில் நிற்க வேண்டும் என்று சலித்துக்கொள்கிறோம். அப்படி வரிசையில் நிற்பதற்காகவே 28 மாதம் காத்திருந்த ஒரு தொகுதியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

பொதுத்தேர்தலில் நாம் பத்துக் கேள்விகளுக்குச் சேர்த்து ஒரு பதில் சொல்கிறோம். விலைவாசி, பாடசாலை, தலைவரின் முகம் எல்லாம் ஒரே புள்ளடிக்குள் அடங்கிவிடும். இடைத்தேர்தலில் ஆட்சி மாறுவது அபூர்வம். அதனால்தான் ஒரு தொகுதி ஒரே ஒரு கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல முடிகிறது. அந்தக் கேள்வி எப்போது கேட்கப்பட வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார் என்பதில்தான் இந்த வரலாறு முழுவதும் இருக்கிறது.

1972 மே 22 அன்று இலங்கை குடியரசானது. புதிய அரசியலமைப்பு சிங்களத்தை அரசகரும மொழியாகவும், பௌத்தத்தை முதன்மை இடத்துக்குரிய மதமாகவும் ஆக்கியது. சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குத் தந்திருந்த காப்பு இல்லாமல் போனது. தமிழரசுக் கட்சி கேட்ட திருத்தங்கள் ஏற்கப்படவில்லை. அக்கட்சி அரசியல் நிர்ணய சபையிலிருந்து முன்னரே வெளியேறியிருந்தது.

அந்த வருடம் அக்டோபரில் எஸ்.ஜே.வி. செல்வநாயகம் தமது காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்தார். தமிழ் மக்கள் இந்த அரசியலமைப்பை ஏற்கிறார்களா என்பதை என் தொகுதியிலேயே கேட்டுப் பாருங்கள் என்பதுதான் அவர் அரசாங்கத்துக்கு விட்ட சவால். கடையடைப்போ ஊர்வலமோ அல்ல, வாக்குப் பெட்டிதான் அவர் கேட்டது. அவர் அங்கிலிக்கன் கிறிஸ்தவர். சைவர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த அந்தத் தொகுதி 1947 முதல், 1952 தவிர, ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும் அவரையே தெரிவு செய்திருந்தது. அந்த உறவின் மீது இருந்த நம்பிக்கையில்தான் ஆசனத்தைப் பணயம் வைத்தார்.

அரசாங்கம் தேர்தலை வைக்கவில்லை. நாட்டில் அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருந்தது. பாதுகாப்பு நிலைமை சரியில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. 1973 போனது, 1974 உம் போனது.

ராஜினாமா செய்தபோது செல்வநாயகத்துக்கு வயது 74. பல வருடங்களாகப் பார்க்கின்சன் நோய். குரல் தேய்ந்து, காதும் மந்தமாகி இருந்தது. நான் தாதி. இந்த நோயோடு வாழ்பவர்களைக் குளிப்பாட்டி, உணவூட்டி, மாத்திரை நேரம் தவறாமல் பார்த்துக்கொள்கிற வேலை எனக்குத் தெரியும். அந்த வயதில், அந்த நோயில், 28 மாதம் என்பது அரசாங்கக் கோப்பில் கிடக்கும் 28 மாதம் அல்ல. சட்டை பொத்தானைத் தானே போட முடிந்தவர் போட முடியாதவராக மாறுவதற்கு அவ்வளவு காலமே போதும். தேதி குறிக்கும் அதிகாரம் கையில் இருப்பவருக்கு எதிராளியை வெல்ல வேண்டிய அவசியமே இல்லை, காத்திருந்தால் போதும்.

காத்திருந்தது அந்த முதியவர் மட்டுமல்ல. 1974 ஜனவரி 10 அன்று யாழ்ப்பாணத்தில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் உயிர்கள் பறிபோயின. அதே வருடம் ஜூன் 5 அன்று பொன். சிவகுமாரன் பொலிசார் பிடிக்க வந்தபோது சயனைட் அருந்தி இறந்தார். இடைத்தேர்தல் உரிய காலத்தில் நடந்திருந்தால் இவை நடந்திரா என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு தலைமுறை இளைஞர்கள் வாக்குப் பெட்டியை நம்பச் சொன்ன பெரியவரைப் பார்த்தார்கள். அந்தப் பெட்டி வராமலே இருந்ததையும் பார்த்தார்கள்.

ஒருவழியாக 1975 பெப்ரவரி 6 அன்று தேர்தல் நடந்தது. செல்வநாயகத்துக்கு 25,927 வாக்குகள். எதிர்த்து நின்ற கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளர் வி. பொன்னம்பலத்துக்கு 9,457. வித்தியாசம் 16,470. கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் இருக்க முடியாது. இதைத் தமிழினம் தன் இறைமையை மீட்பதற்குத் தந்த ஆணை என்று அவர் அறிவித்தார். ஆனால் அரசியலமைப்பில் ஒன்றும் மாறவில்லை. 1976 மே 14 அன்று வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியது. 1977 ஏப்ரல் 26 அன்று அவர் காலமானார்.

இனி அவுஸ்திரேலியாவுக்கு வருவோம். காங்கேசன்துறை வாக்களித்த அதே 1975 பெப்ரவரியில், நியூ சவுத் வேல்ஸின் செனட்டர் லயனல் மர்பி உயர் நீதிமன்ற நீதிபதியாகிப் போனதால் ஓர் ஆசனம் காலியானது. செனட் வெற்றிடத்துக்கு இடைத்தேர்தல் கிடையாது. அந்த மாநிலமே ஆளைத் தெரிவு செய்ய வேண்டும். அதே கட்சிக்காரரை அனுப்புவதுதான் மரபு. மாநில முதல்வர் டொம் லூயிஸ் அதை மீறி, எந்தக் கட்சியும் சாராத கிளீவர் பன்டன் என்பவரை அனுப்பினார். சில மாதங்களில் குயின்ஸ்லாந்து செனட்டர் பேர்ட்டி மில்லினர் இறந்தபோது, முதல்வர் யோ பியெல்க்கி பீட்டர்சன் தொழிற்கட்சி கேட்டவரை ஒதுக்கி, விட்லம் அரசை எதிர்த்த அல்பேர்ட் ஃபீல்டைத் தெரிவு செய்வித்தார். அந்த நியமனம் நீதிமன்றம் போனபின் ஃபீல்ட் சபைக்கு வரவில்லை. ஆனாலும் தொழிற்கட்சிக்கு ஒரு வாக்குக் குறைந்தது. செனட் அரசின் பண மசோதாக்களை ஒத்திப்போட்டது. நவம்பர் 11 அன்று விட்லம் பதவி நீக்கப்பட்டார்.

இரண்டு நாடுகளிலும் ஒரே வருடம் காலி ஆசனத்தை வைத்து விளையாட்டு நடந்தது. அதன்பின் அவை போன வழிதான் வேறு. அவுஸ்திரேலியா 1977 மே 21 அன்று மக்களிடம் சர்வசன வாக்கெடுப்பு வைத்தது. விலகியவரின் கட்சியைச் சேர்ந்தவரே அந்த இடத்துக்கு வர வேண்டும் என்று அரசியலமைப்பில் எழுதிக்கொண்டது. மரபை இருவர் மீறினார்கள். மற்றவர்கள் அதைச் சட்டமாக்கினார்கள். இலங்கையோ 1978 அரசியலமைப்பின் விகிதாசார முறையோடு இடைத்தேர்தலையே கைவிடத் தொடங்கியது. வெற்றிடத்தைக் கட்சிப் பட்டியல் நிரப்பும் முறை வந்தது. 1983 இல் ஆறாம் திருத்தத்தின் கீழ் சத்தியம் செய்ய மறுத்துத் தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். அடுத்த பொதுத்தேர்தல் நடந்தது 1989 இல். போரின் தொடக்க வருடங்களில் அந்தத் தொகுதிகளின் குரல் சபையில் இல்லை.

இந்தியாவில் 1996 முதல் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் என்ற விதி, சில விலக்குகளோடு, இருக்கிறது. இருந்தும் 2016 டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா மறைந்தபின் ஆர்.கே. நகர் ஒரு வருடத்துக்கு மேல் உறுப்பினர் இல்லாமல் இருந்தது. 2017 ஏப்ரலில் பணப் பட்டுவாடாவால் தேர்தல் ரத்தாகி, டிசம்பர் 21 அன்றுதான் நடந்தது. விதி எழுதினால் மட்டும் போதாது; அதைக் கெடுக்கப் பலருக்குப் பல வழிகள் உண்டு.

நம் கண் முன்னால் நடந்ததையும் சொல்கிறேன். நியூ சவுத் வேல்ஸ் கீழ்ச் சபைக்கான இடைத்தேர்தல் ஆணையைப் பிறப்பிப்பவர் சபாநாயகர். 2021 டிசம்பர் இறுதியில் பேகா தொகுதி காலியானது. 2022 பெப்ரவரி 12 அன்று வாக்கெடுப்பு முடிந்துவிட்டது. நடுவில் ஒமிக்ரோன் அலை. வைத்தியசாலைகள் திணறிய நாட்கள். பாதுகாப்பு நிலைமை சரியில்லை என்று ஒத்திப்போட இதைவிட நல்ல சாட்டு கிடைத்திருக்காது. அதற்குப் பதிலாக வாக்காளர் எல்லோருக்கும் தபால் வாக்குச்சீட்டு வீடு தேடி வந்தது. 1988 இல் உருவான நாள் முதல் லிபரல் கையில் இருந்த பேகாவை, அந்தக் கடற்கரை ஊர்களில் பணியாற்றிய மகப்பேற்று வைத்தியர் மைக்கேல் ஹொலண்ட் தொழிற்கட்சிக்கு வென்று கொடுத்தார். மூன்று நாள் கழித்து, போதிய ஆளணி கேட்டு, மாநிலத் தாதியர் வேலைநிறுத்தம் செய்தார்கள். எங்கள் கோரிக்கை அன்றே நிறைவேறிவிடவில்லை. ஆனால் கோபத்தைக் கொண்டுபோய் வைக்க ஓர் இடம் இருந்தது. அந்த இடம் ஆறே வாரத்தில் திறந்தது.

காங்கேசன்துறை மக்கள் கேட்டதும் அதைத்தான். அவர்கள் தோற்றுப் போகவில்லை, அமோகமாக வென்றார்கள். அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது வெற்றி அல்ல, வெற்றிக்குப் பயன் இருந்த காலம்.

ஆகவே அடுத்த முறை உங்கள் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தால், வேட்பாளர் பெயரைப் பார்ப்பதற்கு முன் இரண்டு தேதிகளைப் பாருங்கள்: ஆசனம் காலியான நாள், வாக்களிக்கும் நாள். இடையில் எத்தனை நாள் என்று எண்ணுங்கள். பிள்ளைகளையும் எண்ணச் சொல்லுங்கள். அந்த எண் சிறியதாக இருந்தால், உங்கள் சனிக்கிழமை வீண் போகவில்லை.