விமானிப் பயிற்சியில் சிமுலேட்டர்: மதிப்பீட்டு அளவுகோல்களின் வரலாறு

முன்னுரை

வானம் பார்த்த பூமியான அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்திலிருந்து விமானிப் பயிற்சிக்குச் செல்லும் ஒருவருக்கு ஒவ்வொரு பறத்தல் மணியும் பெருஞ்செலவாகும். வணிக விமானி உரிமத்துக்கு இந்திய விதிகள் 200 மணி நேரப் பறத்தலைக் கோருகின்றன. கருவிகளை மட்டும் நோக்கிப் பறக்கும் பயிற்சிக்குரிய 10 மணியில் 5 மணி வரை சிமுலேட்டரில் பயிலலாம். பொறியில் பெறும் பயிற்சி மெய்யான பறத்தலுக்கு எவ்வளவு ஈடாகும் என்ற வினாவுக்கு விடை தேடப்பட்ட வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

லிங்க் பொறி

ஆர்கன் இசைக்கருவி செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த எட்வின் லிங்க், அக்கருவியின் காற்றுத்துருத்திகளைப் பயன்படுத்தி 1929இல் பயிற்சிப் பொறி ஒன்றை அமைத்தார். தொடக்கத்தில் அது கேளிக்கைப் பூங்காக்களுக்கே விற்பனையானது. 1934இல் அஞ்சல் சுமந்த அமெரிக்க இராணுவ விமானிகள் பலர் மோசமான வானிலையில் மாண்டபின், இராணுவம் 6 பொறிகளை வாங்கியது. அப்போது பொறியின் பயனை அளக்கும் முறை உருவாகியிருக்கவில்லை. உடனடித் தேவையே கொள்முதலுக்குக் காரணமாயிற்று.

மிச்சமாகும் மணிகள்

அளக்கும் முறை இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வுகளில் உருப்பெற்றது. பொறியில் பயிலாதோர் தேர்ச்சிபெற எடுத்த பறத்தல் மணிகளிலிருந்து பயின்றோர் எடுத்த மணிகளைக் கழித்து, பொறியில் செலவான மணிகளால் வகுப்பதே அம்முறை. 1973இல் போவென்மைர், ரோஸ்கோ இருவரும் வெளியிட்ட ஆய்வில், பொறியில் பயிலாதோருக்கு ஏறத்தாழ 45 மணியும், 3 மணி பயின்றோருக்கு 40 மணியும், 11 மணி பயின்றோருக்கு 38 மணியும் தேவைப்பட்டன. அதாவது, 3 மணிப் பயிற்சி 5 மணியை மிச்சப்படுத்தியது. கூடுதலாகப் பயின்ற 8 மணியால் மேலும் 2 மணியே மிச்சமாயிற்று. பயிற்சி நீள நீளப் பயன் குறைகிறது என்பது இதனால் புலப்படும்.

அளவுகோலின் எல்லை

எனினும் மணிக்கணக்கு முடிவெடுக்கும் திறனை அளப்பதில்லை. 2010 மே 22 அன்று மங்களூரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைக் கடந்து விபத்துக்குள்ளானதில் 158 பேர் உயிரிழந்தனர். இறங்கும் முயற்சியைக் கைவிட்டு மேலெழும்புமாறு துணை விமானி கூறியும், 10,000 மணிக்கு மேல் பறந்த தலைமை விமானி இறங்குவதைத் தொடர்ந்தார். மேலெழும்பும் செயல்முறை சிமுலேட்டரில் வழக்கமாகப் பயிலப்படுவதே. செய்முறை அறிவு இருந்தும், உரிய நேரத்தில் அதைக் கையாளும் முடிவு எடுக்கப்படவில்லை.

முடிவுரை

தொடக்கநிலைப் பயிற்சியின் சிக்கனத்தை மதிப்பிட மிச்சமாகும் மணிகள் போதும். நெருக்கடிக்கால முடிவையும், துணை விமானியின் எச்சரிக்கைக்குத் தலைமை விமானி செவிசாய்ப்பதையும் அளக்கத் தனி அளவுகோல் வேண்டும். முன்னது பயில்பவரின் பொருளைக் காப்பது; பின்னது பயணியரின் உயிரைக் காப்பது. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்து மதிப்பிடுதல் பிழையாகும்.